பம்பரம் உட்கார்ந்த நாள்

என் அக்காவுக்குக் கல்யாண மண்டபங்களில் பம்பரம் என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. பெற்றவர்கள்கூட அவளுக்கு இத்தனை பொருத்தமாகப் பெயர் வைக்கவில்லை. நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். பேருந்தில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இறங்க வசதியாம். அவள் அசையாமல் உட்காரக்கூடிய இடம் பல் டாக்டரின் நாற்காலி ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் பாதியில் எழுந்துபோய், ஜன்னலோரத்தில் வாடிக்கிடந்த தொட்டிச்செடியை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள், வாயில் பஞ்சோடு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கல்யாணங்களுக்குப் பூ அலங்காரம் செய்வது அவள் தொழில். மேடை, அதன்மேல் வளைவு, விருந்தாளிகளின் மேசை, மணப்பெண் கையில் பிடிக்கும் செண்டு எல்லாம் அவள் பொறுப்பு. நான் அவள் கடையில் தண்டு வெட்டுகிறேன், இலை உருவுகிறேன், திட்டு வாங்குகிறேன். வாங்கியதைச் சுடச்சுடத் திருப்பியும் கொடுத்துவிடுவேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், வேன் ஓட்டுகிறார். எங்கள் இருவர் சத்தமும் கேட்காத ஒரே ஆள் அவர்தான். கேட்காததுபோல் இருக்கப் பழகிக்கொண்டார் என்பது என் சந்தேகம்.

அவள் முதலில் பார்த்தது ஒரு மண்டபத்தில் முன்பதிவு எழுதும் வேலை. நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் அலங்காரக்காரரின் வண்டி வரவே இல்லை. பெண்ணின் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவள் தோட்டக்காரரின் கத்திரியை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்க வேலியை மொட்டையடித்தாள். வெறும் இலையை வைத்தே வளைவு முழுவதையும் கட்டிவிட்டாள், ஒரு பூ கிடையாது. வந்தவர்களெல்லாம் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் மட்டும் மொட்டை வேலியைப் பார்த்துவிட்டுக் குதித்தார். அந்த வாரமே வேலையை விட்டாள்.

இந்தத் தொழிலில் பூ வருமோ வராதோ, அதிர்ச்சி தவறாமல் வரும். வெள்ளை கேட்டிருப்போம், பெட்டியைத் திறந்தால் கடுகு மஞ்சள் சிரிக்கும். மொத்த வியாபாரிக்குப் போன் செய்தால், "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, வெள்ளையாத்தான் தெரியும்" என்பார். எவ்வளவு தள்ளி நிற்பது, அடுத்த தெருவிலா? ஒருமுறை ஆர்க்கிட் பெட்டியை எவனோ ஐஸ் மூட்டையோடு சேர்த்து ஏற்றிவிட்டான், பூவெல்லாம் கண்ணாடித் தாள்போல வந்து இறங்கியது. இன்னொருமுறை லில்லி பென்சில் மாதிரி மூடியே வந்தது. அக்கா அதையெல்லாம் வேனில் அடுக்கி, ஹீட்டரைப் போட்டு, மாமாவை ஊரைச் சுற்றச் சொன்னாள். பூ மலர்ந்தது, மாமா வதங்கிப் போனார். மணப்பெண்களிடம் அவள் எந்தப் பூவின் பெயரையும் சொல்லமாட்டாள். நிறத்தை மட்டும் சொல்லுவாள். "பேரைச் சொன்னா அந்தப் பூ வராதுடி" என்பாள்.

ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஓடியவளுக்கு ஒரே மகள். அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கல்யாணங்கள் விடுமுறை நாளில்தான் வரும், ஆகவே எங்கள் வீட்டில் விடுமுறை என்று ஒன்று கிடையாது. பிறந்தநாளுக்குக் குழந்தை கேக் வெட்டும்போது மாமா போனைத் தூக்கிப் பிடிப்பார், மறுமுனையில் அக்கா ஏதோ ஏணியின்மேல் நின்று கைதட்டுவாள். பள்ளிக்கூட விழாக்களில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. திரை விழுந்தபிறகு, தலைமுடியில் இலை ஒட்டியிருக்க மூச்சு வாங்க வந்து நிற்பாள்.

ஒரே ஒரு தடவை நேரத்துக்கு வந்தாள். வராமலே இருந்திருக்கலாம். குழந்தை மேடையில் தனியாக நின்று பாடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு பூச்சாடி சாய்ந்திருப்பது இவள் கண்ணில் பட்டுவிட்டது. இருப்புக்கொள்ளாமல் எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. குனிந்தபடியே பக்கவாட்டுப் படியில் ஏறி அதை நிமிர்த்த ஆரம்பித்தாள். கூட்டம் முழுக்கச் சாடியைப் பார்த்துச் சிரித்தது, பாட்டை யாரும் கேட்கவில்லை. வீடு வரும்வரை குழந்தை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தது. அக்காவோ, "சாடி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்" என்று வழியெல்லாம் புலம்பினாள். எனக்கு அவளை அங்கேயே இறக்கிவிட்டு வரலாமா என்று ஆத்திரமாக வந்தது.

அந்தக் குழந்தைக்குத்தான் கல்யாணம் நிச்சயமானது. அக்கா துணி எடுக்கும் முன்பே மேடை அலங்காரத்தைக் கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டாள். மகள் ஒரு நாள் கடைக்கு வந்து, வெட்டு மேசையின் எதிரே நின்றாள்.

"என் கல்யாணத்துக்கு நீ பூ வைக்கக் கூடாதும்மா."

அக்கா சிரித்தாள். "வேற யாரு வைப்பா, உங்கப்பாவா?"

"எதிர்க்கடைக்குக் குடுத்தாச்சு."

எதிர்க்கடை என்றால் எங்கள் தெருவிலேயே எதிர்ப்பக்கம். எங்களோடு ஏட்டிக்குப் போட்டியாகத் தொழில் செய்கிற ஆள். கம்பி தீர்ந்தால் அவர் எங்கள் பின்கதவு வழியாக வருவார், ரிப்பன் தீர்ந்தால் நாங்கள் அவர் பின்கதவு வழியாகப் போவோம். மற்ற நேரத்தில் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டுவோம். அக்காவின் கையிலிருந்த கத்திரி அப்படியே நின்றது.

"முன்வரிசையில உனக்கு ஒரு நாற்காலி இருக்கும்," என்றாள் மகள். "நான் திரும்பிப் பாக்கும்போதெல்லாம் நீ அதுல இருக்கணும். ஒரு பூவைக்கூடத் தொடக்கூடாது. அந்த ஒரு நாள் எனக்கு அம்மாவா இரு, போதும். உன்னால முடியலைன்னா நான் சண்டை போடமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் உன்கிட்ட எதையும் கேக்கமாட்டேன். எதையுமே."

அவள் கத்தியிருந்தால் நாங்கள் பயந்திருக்கமாட்டோம். கடைக்கு வழி கேட்க வந்தவள்போல நிதானமாகச் சொன்னாள். அக்கா மென்று விழுங்கி, "சரிம்மா" என்றாள். மகள் போகும்போது என் பக்கம் திரும்பினாள். "சித்தி, நீங்கதான் காவல்."

சும்மா சொல்லக்கூடாது, கண்கொத்திப் பாம்பாகத்தான் இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து அக்கா எங்கள் கடை ஜன்னலை விட்டு நகரவில்லை. எதிர்க்கடைக்கு வரவேண்டிய வெள்ளை ரோஜா வரவில்லை. பூ ஏற்றி வந்த குளிர்சாதன லாரி வழியில் எங்கேயோ நின்றுவிட்டதாம். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். இங்கே இவள் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். யாருடைய பூ என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கும். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டிகள் வந்து இறங்கின.

"இவ்வளவு நேரம் குளிர்ல கிடந்த மொட்டு இறுகிப்போயிருக்கும்டி," என்றாள் அக்கா.

"இருந்தா அவருக்கு இருக்கு. உனக்கென்ன?"

"நாளைக்குக் காலையில விரியாது. மூடின மொட்டுக்குக் கீழ நின்னா எம்பொண்ணு கல்யாணம்?"

"உம்பொண்ணு உன்னைத்தான் பாக்கணும்னு சொன்னா, ரோஜாவை இல்ல. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. சாயங்காலம் நான் குளிக்கப் போன இடைவெளியில் ஆள் காணாமல் போய்விட்டாள். ஈரத் தலையோடு தெருவைக் கடந்து ஓடினேன். எதிர்க்கடையின் பின்கதவு வழியாக, கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"ரிப்பன் கேக்கப் போனேன்."

"எங்க ரிப்பன்?"

"அவர் இல்ல. மண்டபத்துல வளைவுக்குச் சட்டம் கட்டப் போயிருக்காராம், விடியத்தான் வருவாராம்."

அதற்குமேல் கேட்க எனக்குப் பொறுமையில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று, கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

அங்கே அவள் செய்த காரியம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், என் வாயில் எதுவும் தங்காது. இறுகிய ரோஜா மொட்டை விரியவைக்க ஒரு வழி உண்டு. தண்டின் நுனியைப் புதிதாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, குளிரறைக்கு வெளியே வைக்க வேண்டும். ஆனால் அடுப்பில் வைத்த பாலைப்போலப் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். இதழ் அசைய ஆரம்பித்ததும் மறுபடி குளிரில் வைத்துவிட வேண்டும். அக்கா எதிர்க்கடையின் குளிரறையில் புகுந்து மொட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், கல்லாக இருந்திருக்கிறது. எல்லா வாளியையும் வெளியே இழுத்து, வெந்நீர் கலந்து ஊற்றி, வேலை அறையில் விளக்கின்கீழ் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வந்து திருப்பி உள்ளே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது கணக்கு. நான் இழுத்து வந்துவிட்டேன்.

வீடு முழுக்க உறவுக்கூட்டம். அக்கா அனல்மேல் நிற்பவளைப்போல நின்றாள். "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள், வீட்டில் அண்டா நிறையப் பால் இருந்தது. "வேன்ல லைட் எரியுது" என்றாள், மாமா சாவியை ஆட்டிக் காட்டினார். "தலை வலிக்குது, காத்தாட நடந்துட்டு வரேன்" என்றபோது நான் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் நானே ஓடிப்போய் வாளிகளை உள்ளே வைத்திருப்பேன். சொன்னால் தொட்டது தெரிந்துவிடுமே என்று அவளுக்குப் பயம். எதிர்க்கடைக்காரருக்குப் போன் செய்யவும் பயம், அந்த மனிதர் வாய் ஓட்டை.

அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காரேன்."

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வது சரியில்லை, உடம்பு மட்டும் அங்கே இருந்தது, கால் தரையில் தாளம் போட்டது. மகள் காலையிலிருந்து அலைந்த களைப்பில் ஏதோ பேசிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள். அம்மாவின் முந்தானை நுனி அவள் விரல்களுக்குள் சுருண்டு கிடந்தது. நான் எட்டிப் பார்த்தபோது அக்கா அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விலக்கவில்லை. அன்று அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

விடிந்ததும் எதிர்க்கடையிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. நானும் அக்காவும் புதுச்சேலையோடு ஓடினோம். வேலை அறையில் ரோஜாவெல்லாம் அகல வாய்திறந்து, நடுவிலுள்ள மஞ்சளைக் காட்டிக்கொண்டு நின்றன. தரையெல்லாம் இதழ். கதவு சாத்திய அதிர்ச்சிக்கே ஒரு பூ மொத்தமாகக் கொட்டியது. எதிர்க்கடைக்காரர் போனில் மொத்த வியாபாரியின் பரம்பரையையே இழுத்துக்கொண்டிருந்தார்.

"போனை வை தம்பி," என்றாள் அக்கா. "அவரு மேல தப்பில்ல. நான்தான் வெந்நீர்ல வெச்சேன், நேத்து சாயங்காலம்."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "அக்கா, நான் மத்தியானமே வெந்நீர்ல வெச்சு எடுத்துக் குளிர்ல வெச்சுட்டேனே."

"தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு."

"வெளிய கல்லு. உள்ள வேலை நடந்துட்டிருந்துச்சு. தண்டைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே, புதுசா வெட்டினது."

"அவசரத்துல பாக்கலை. நானும் இன்னொரு தரம் வெட்டினேன்."

"பேசாம உங்க பாப்பா என்னைக் கடையை மூடச் சொல்லிட்டு, உங்களையே பூ வைக்கச் சொல்லியிருக்கலாம்." அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு பூக்காரர்கள் ஒரே பூவுக்கு ஆளுக்கொரு தடவை சூடு வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழில் தெரியாத வேறு எவளாவது மணப்பெண்ணுக்கு அம்மாவாக இருந்திருந்தால், அவர் வைத்த பூ அளவாக விரிந்து மண்டபத்துக்குப் போயிருக்கும், ஒரு குறையும் வந்திருக்காது. எனக்குச் சிரிப்பதா இவள் தலையில் ஒரு வாளியைக் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை.

அவர் மெல்லக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ரெண்டு பேரும் சேர்ந்தா எதையாவது பண்ணி ஒப்பேத்திடலாம். பின்பக்கமா வாங்க. பாப்பாவுக்குத் தெரியவா போகுது?"

அக்காவின் கை அதற்குள் ஒரு வாளியின் கைப்பிடிக்குப் போய்விட்டது. அவள் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"இலை இருக்கா?"

"வேன் நிறைய இருக்கு."

"வளைவுக்கு இலையை மட்டும் கட்டு. உதிர்ந்த இதழை அவ நடந்து வர்ற வழியில தூவு. தேறுற பூ எதாவது இருந்தா செண்டுக்கு வை. கம்பியை ரெண்டு சுத்து இறுக்கிக் கட்டு." இதைச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

மண்டபத்து ஒப்பனை அறையில் மகளுக்குப் பாதித் தலைமுடியில் ஊசி குத்தியிருந்தது. அக்கா கதவருகே நின்றாள். "நான் தொட்டுட்டேன்மா," என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். சமாதானம் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. மகள் திரும்பவில்லை, கண்ணாடி வழியாகவே பார்த்தாள்.

"நேத்து என் பக்கத்துல உக்காந்திருந்தப்ப, அங்க வாளி வெளியதான் இருந்துச்சா?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா, அது கெட்டுப்போகும்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எழுந்து போகல?"

"நீ என் முந்தானையைப் பிடிச்சுட்டுத் தூங்கிட்ட."

மகள் ஒரு ஊசியை எடுத்து ஒப்பனைக்காரப் பெண்ணிடம் நீட்டினாள். பிறகு, "நாற்காலி போட்டிருக்காங்க. போய் உக்காரு" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று அந்தக் குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். நான் பக்கத்தில் காவல். மேடையில் பச்சை வளைவு, ஒரு பூ இல்லை. பின்னால் யாரோ, "இதுதான் இப்ப புது ஃபேஷனாம்" என்று விவரம் தெரிந்தவர்போலச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் வலது மூலையில் கட்டு தளர்ந்திருந்தது. எதிர்க்கடைக்காரர் பதற்றத்தில் ஒரு சுற்றோடு விட்டுவிட்டார். ஒரு கொத்து இலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"விழப்போகுதுடி," என்று அக்கா பல்லுக்குள் முணுமுணுத்தாள்.

"விழட்டும்."

வெள்ளை இதழ்கள்மேல் மகள் நடந்து வந்தாள். நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள், அக்கா இருந்தாள். மேடை ஏறியதும் பார்த்தாள், இருந்தாள். மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்தபோது அந்தக் கொத்து கழன்று, ஒற்றைக் கம்பியில் தொங்கி, அவர் மூக்குக்கு நேரே ஊசலாடியது. கூட்டம் சிரித்தது. அக்கா எழுந்துவிட்டாள். நாற்காலியை விட்டு உடம்பு பாதி மேலே வந்துவிட்டது, வலது கை வெளியே வந்துவிட்டது.

மகள் அந்தக் கொத்தைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது நாற்காலியை. முகத்தில் கோபம் இல்லை. பள்ளிக்கூட மேடையில் எல்லாரும் சாடியைப் பார்த்துச் சிரித்தபோது இருந்த அதே முகம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அக்கா உட்கார்ந்திருந்தாள். கை மறுபடி தொடைக்கு அடியில் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை கொத்தைப் பிடித்துத் தன் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மோதிரத்தைப் போட்டார்.

எல்லாம் முடிந்து படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மகள் அங்கே போகாமல் மேடையை விட்டு இறங்கி நேராக எங்களிடம் வந்தாள். "சித்தி, எழுந்திருங்க" என்று என்னைக் கிளப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த செண்டை அம்மாவின் மடியில் வைத்தாள். அந்தச் செண்டைப் பற்றி என்ன சொல்ல? தேறிய நாலைந்து ரோஜாக்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. ஒன்று தலைகீழாகவே தொங்கியது. ரிப்பன் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

"சரி பண்ணிக் குடும்மா. இப்ப நானே கேக்கறேன்."

அக்காவின் விரல்கள் வெளியே வந்து செண்டுக்கு மேலே நின்றன. அந்தத் தொங்கும் ரோஜாவை நிமிர்த்த அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் நிமிர்த்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"பொய்."

"பொய்தான். நீ கொஞ்ச நேரம் இப்படியே உக்காரு."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து, ஒப்பனை கலைய அழுதாள். செண்டு மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, மிச்சமிருந்த இதழும் கொட்டியது. இரண்டு பேரும் குனியவில்லை. அக்காவின் கால் தரையில் தாளம் போடாமல் சும்மா இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். படக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் நாற்காலி போய்விட்டதால், அன்று எங்கள் குடும்பத்தில் நின்றுகொண்டிருந்தது நான்தான்.